இடக் காரணி

மஸ்கிரேவ் சாலையில் காலை எட்டுக்கு முதல் மரம்.
காட்டு அத்தி. நாடாவை நானே சுற்றினேன்,
தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டருக்குக் கொஞ்சம் மேலே,
மார்பு உயரம் என்று கையேடு சொல்லும் இடத்தில்.
(யாருடைய மார்பு என்று அது சொல்வதில்லை.
எனக்கு அது கழுத்து.)

விட்டம் தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டர்.
ஆண்டுக்கு எத்தனை கிலோ கரியை விழுங்குகிறது,
எத்தனை லிட்டர் மழையை இலையிலேயே நிறுத்துகிறது,
பக்கத்து வீட்டு ஏசி எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறது,
எல்லாவற்றையும் ராண்டாக மாற்றிவிட்டு
கைக்கருவி கடைசியில் ஓர் எண்ணால் பெருக்கும்.
இடக் காரணி. அந்தத் தெருவில் வீடு என்ன விலை போகும் என்பது.
மஸ்கிரேவுக்கு ஒன்று புள்ளி ஆறு.
ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம் என்று திரையில் வந்தபோது
வேலிக்குள்ளிருந்து ஒரு நாய் என்னைப் பார்த்துக் குரைத்தது.
அதற்கு முன்பே தெரிந்திருக்கும்.

மதியத்துக்கு மேல் சாட்ஸ்வர்த்.
யூனிட் ஃபைவ், டாக்சி நிற்கும் சரிவு.
"இங்கே ஏது மரம்?" என்றான் வண்டி ஓட்டிய முஸி.
நியாயமான கேள்விதான்.
இந்த நகரத்தைக் கோடு போட்டுப் பிரித்தவர்கள்
எங்களுக்கு வீடு கொடுத்தார்கள், தண்ணீர்க் குழாய் கொடுத்தார்கள்,
நிழலை அந்தப் பக்கமே வைத்துக்கொண்டார்கள்.

மரம் எண் 2216. நாவல்.
யார் நட்டதென்று யாருக்கும் தெரியாது.
பேருந்துக்கு நின்ற யாரோ கொட்டையைத் துப்பியிருக்கலாம்.
பூர்வீகம் என்றொரு கட்டம் இருக்கிறது:
உள்நாடு, வெளிநாடு, ஊடுருவி.
நாவலுக்குச் சட்டப்படி மூன்றாவது.
என் குடும்பப் பெயர் செட்டி.
விரலால் தொட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனேன்.

ஊடுருவிக்குப் பாதி கழிவு.
இடக் காரணி பூஜ்யம் புள்ளி நான்கு.
ஆக, பதினோராயிரத்து முந்நூறு.
சாலையை அகலப்படுத்த வரும் ஒப்பந்தக்காரர்
இதைக் கட்டிவிட்டு வெட்டிக்கொள்ளலாம்.
மரத்துக்கு விலை போட்டால் மரம் பிழைக்கும் என்று
கூட்டத்தில் எழுந்து பேசியவள் நான்தான்.
விலை எழுதி வைத்தால் வாங்க ஆள் வரும் என்பது
வார்விக் சந்தையில் கத்தரிக்காய் விற்ற வீட்டில் பிறந்தவளுக்குத்
தெரியாமலா போயிற்று.

மரத்தடியில் தோகோசிலே தலை பின்னுகிறாள்.
இந்த ஊரில் வெயில் வடக்கே சாய்ந்து வரும்.
அதனால் அவளுடைய நாற்காலி
காலையில் மேற்கே தொடங்கும்,
தெற்கு வழியாக நகரும்,
டாக்சி வரிசை கலையும்போது கிழக்கே போய் முடியும்.
தலைக்கு ஓரிடம்.
செம்மண்ணில் நாலு நாலாகக் குழிகள்,
அடிமரத்தைச் சுற்றி அரை வட்டம்.

"எவ்வளவு போட்டிருக்கிறாய்?"
சொன்னேன்.
வாயில் கவ்வியிருந்த சீப்பை எடுத்தாள்.
"ராண்டா?"
"ராண்ட்தான்."
"மாதத்துக்கா?"

உயரமானி பையிலேயே கிடந்தது.
நாடாவை உருவிக்கொண்டு குனிந்து
குழிகளின் மேல் வளைத்துப் பிடித்தேன்.
பாதி பின்னிய தலையோடு ஒரு பெண்
கழுத்தைத் திருப்பாமல் கண்ணால் மட்டும் என்னைத் தொடர்ந்தாள்.
முஸி ஹாரன் அடித்தான்.
முதல் குழியிலிருந்து கடைசிக் குழி வரை
பதினேழு மீட்டர் முப்பது.

இடக் காரணி: பதினேழு புள்ளி மூன்று.
திரை சிவந்தது. வரம்பு மீறிய மதிப்பு.
அதிகபட்சம் என்னவென்று அதனிடமே கேட்டேன்.
ஒன்று புள்ளி ஆறாம்.
சரி, அதையே போட்டேன்.

நாற்பத்தைந்தாயிரத்து இருநூறு.
இதுவும் ஒரு பெரிய தொகை இல்லை,
ஒரு பழைய கார்.
இருந்தாலும் ஒப்பந்தக்காரர் ஒருமுறை
சாலையைக் கொஞ்சம் வளைத்துப் பார்க்கக்கூடும்.

வண்டியில் ஏறும்போதுதான் பார்த்தேன்,
செருப்படி முழுக்க ஊதா.
திங்கட்கிழமை மேசையில் யாராவது கேட்பார்கள்,
யூனிட் ஃபைவில் எங்கேயம்மா இருக்கிறது மஸ்கிரேவ் என்று.
மேற்கே தொடங்கித்
தெற்கு வழியாகப் போங்கள் என்பேன்.
நாற்காலி எங்கே நிற்கிறதோ, அங்கே.